அத்தைக்கு உலர்புல்

நகர அரசின் விழாக் குதிரைப் பிரிவில் நான்கு குதிரைகள் இருந்தன. புதிய நகரத் தலைவர் பதவியேற்றால் அவை சாரட்டு வண்டி இழுக்க வேண்டும். பழைய தலைவர் இறந்தால் அதே வண்டியைக் கொஞ்சம் மெதுவாக இழுக்க வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் வண்டி இல்லாமல் சும்மா நிற்க வேண்டும். மற்ற நாட்களில் தின்பதுதான் வேலை. இந்த நான்கையும் நிர்வகிக்கத் தலைமையகத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். லாயத்தில் ஒருவர் இருந்தார்.

அந்த லாயக்காரருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. பதினேழு வருடமாக அதே லாயம். நான்கு குதிரைகளில் மூத்தது ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை. பதிவேட்டில் அதற்கு எண் மட்டும்தான் உண்டு. லாயக்காரர் அதை அத்தை என்று கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் லாயத்தைப் பெருக்கிய விதத்தை அது கழுத்தைத் திருப்பிப் பார்த்த பார்வை அப்படி இருந்ததாம். பணியிலும் அது அவருக்கு மூத்தது என்பதால், அதைப் பற்றிப் பேசும்போது அவர் மரியாதை குறையாமல்தான் பேசுவார். "எனக்கு மாமியார் இல்லாத குறையைத் தீர்த்து வெச்சுட்டீங்க" என்று அவர் மனைவி சொல்வார். மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை.

அந்த வருடம் மழை விட்ட பிறகு அத்தை இளைக்கத் தொடங்கியது. புல்லைக் கடிக்கும், வெகுநேரம் மெல்லும், பிறகு எலுமிச்சம்பழ அளவு உருண்டையாக வெளியே தள்ளிவிடும். காலையில் லாயத்தைக் கூட்டும்போது இப்படி முப்பது நாற்பது உருண்டைகள் கிடக்கும். முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது.

கால்நடை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர். அத்தையின் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு விளக்கடித்துப் பார்த்தார்.

"கடைவாய்ப் பல் முழுக்கத் தேஞ்சு போச்சு. இதுக்கு நீளப் புல்லை அரைக்க முடியாது. புல் கட்டி இருக்குல்ல, அதை வெந்நீர்ல ஊறவெச்சு, கூழாக்கி, ஒரு நாளைக்கு நாலு தடவை கொடுங்க. தேறிடும்."

புல் கட்டி என்பது புல்லை நறுக்கி, காயவைத்து, அழுத்தி, சோப்புத் துண்டு போல ஆக்கியது. கடைகளில் கிடைக்கும்.

"அதையே சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்" என்றார் லாயக்காரர்.

மருத்துவர் விளக்கை அணைத்தார். "நான் எழுதுனா அது மருந்தா இருக்கணும். தீவனம் எழுதக் கூடாது. நம்ம பிரிவுக்கு அனுமதிச்ச தீவனம் நீள உலர்புல் மட்டும்தான். மாத்தணும்னா தீவன வடிவத் தேர்வுக் குழு மாத்தணும்."

"அதுவரைக்கும் அத்தை என்ன சாப்பிடுவாங்க?"

"அதையும் குழுதான் சொல்லணும்."

மறுநாள் லாயக்காரர் தலைமையகத்துக்குப் போனார். இரண்டாம் மாடியில் தீவனப் பிரிவு. சுவரில் ஒரு ஓடும் குதிரையின் படம்; அதன் வாய்க்கு நேராகக் கடிகாரத்தை மாட்டியிருந்தார்கள். எழுத்தர் அம்மாள் நல்லவர். உட்காரச் சொன்னார். விண்ணப்பத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

"யாருக்காக?"

"அத்தைக்கு."

"என்ன குறை?"

"பல்லு போச்சு. எதுவும் சாப்பிட முடியல. மென்னு மென்னு துப்பிடுறாங்க."

"பாவம். வயசு?"

"இருபத்து நாலு."

எழுத்தர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். இந்த வயதில் இப்படி ஒரு கஷ்டமா என்று நினைத்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், விண்ணப்பத்தை அவசரம் என்று முத்திரை குத்தி, ஊழியர் குடும்ப நலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

பத்தொன்பது நாள் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. அத்தை என்பவர் ஊழியரைச் சார்ந்து வாழும் குடும்ப உறுப்பினர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். அவருடைய கணவர் உயிரோடு இருந்தால் அவருடைய அலுவலகத்தை அணுகவும்.

லாயக்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் இரண்டாம் மாடி ஏறினார். "அம்மா, அத்தை ஒரு குதிரை."

எழுத்தர் அம்மாள் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"இது குதிரை ஆபீஸ்தானேம்மா?"

"குதிரை ஆபீஸ்தான். ஆனா இங்க யாரும் குதிரைக்காக வர்றதில்லையே."

அதற்குள் அத்தையின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல ஆகியிருந்தது.

தீவன வடிவத் தேர்வுக் குழு பதினோரு வருடமாகக் கூடிக்கொண்டிருந்தது. முதல் ஆறு வருடம் புல் என்றால் என்ன என்று விவாதித்து, அடுத்த நான்கு வருடம் உலர்ந்தது என்றால் என்ன என்று விவாதித்து, இப்போதுதான் நீளத்துக்கு வந்திருந்தார்கள். உறுப்பினர்கள் ஐவர். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர். அவர் எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதன் மேல் லாரி போகுமா என்றுதான் யோசிப்பார். குழுத் தலைவர் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாதவர். மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே பேசுவார். லாயக்காரரை நிற்க வைத்துக்கொண்டு அவர் இப்படிப் பேசினார்:

"இந்தக் குழுவின் நடுநிலையைப் பற்றி யாரும் சந்தேகப்பட முடியாது. பதினோரு ஆண்டுகளில் நான் ஒரு குதிரையையும் அருகில் சென்று பார்த்ததில்லை. பார்த்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் பாரபட்சம் வரும். என் வீட்டு வழியாகக் குதிரை வண்டி போனால்கூட நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அப்படிக் காப்பாற்றி வந்த நேர்மையை, ஒரு குதிரைக்குப் பல் இல்லை என்ற காரணத்துக்காக நாம் அவசரப்பட்டு இழந்துவிடக் கூடாது."

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள்.

"அய்யா, அத்தை நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறாங்க" என்றார் லாயக்காரர்.

"இளைப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர், குறிப்பெடுப்பவரிடம். குறித்துக்கொண்டார்கள்.

ஒருவழியாகச் சோதனை வைப்பது என்று முடிவானது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைமையகத்தின் பின்முற்றத்தில் நான்கு வாளிகளை வைத்தார்கள். ஒன்றில் நீள உலர்புல். ஒன்றில் நறுக்கிய உலர்புல். ஒன்றில் பையில் இறுக்கி மூடிப் புளிக்கவைத்த ஈரப்புல். நான்காவதில் வெந்நீரில் ஊறிய புல் கட்டி. தலைவர் மட்டும் நேர்மையைக் காக்க முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

லாயக்காரர் அத்தையை அழைத்து வந்தார். இளைக்கத் தொடங்கியதிலிருந்து அது அவ்வளவு வேகமாக நடந்து அவர் பார்த்ததில்லை. நேராக நான்காவது வாளிக்குப் போனது. தலையை உள்ளே விட்டது. வாளி காலியாகி, உருண்டு, முற்றத்தின் சுவரில் முட்டும்வரை வெளியே எடுக்கவில்லை. தாடையிலிருந்து கூழ் வழிந்தது. லாயக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழு உள்ளே போய் ஒன்றரை மணிநேரம் பேசிவிட்டு வந்தது.

"சோதனை செல்லாது" என்றார் தலைவர். "முதலாவது, மற்ற மூன்று வாளிகளையும் பரிசீலிக்காமலேயே முடிவெடுத்திருக்கிறது. இந்தக் குழு ஒரு முடிவெடுக்கப் பதினோரு ஆண்டு ஆகும்போது, ஒரு விலங்கு நான்கு நொடியில் எடுப்பது பொறுப்பான செயல் அல்ல. இரண்டாவது, பசியோடு வந்திருக்கிறது. அது பயனாளி. பயனாளியே நடுவராக இருக்க முடியாது."

எனவே பசியில்லாத, பல் நன்றாக இருக்கும் குதிரையை வைத்து மறுசோதனை நடந்தது. லாயத்தின் இளைய குதிரை, ஆறு வயது, நன்றாகத் தின்றுவிட்டு வந்திருந்தது. நான்கு வாளிகளையும் வரிசையாகக் காலி செய்தது. பிறகு பொறியாளரின் கோப்பில் பாதியையும் தின்றது. நான்கு வடிவங்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. வேறுபாடு இல்லாததால் மாற்றத்துக்கும் தேவை இல்லை. அத்தைக்கு நீள உலர்புல்லே தொடரும். மாதம் ஒருமுறை எடை ஆய்வாளர் வந்து நிறுத்துப் பார்ப்பார்.

ஆணையை லாயக்காரர் வீட்டுச் சமையலறையில் வைத்துப் படித்தார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பல் செட் கட்டுற வரைக்கும் எங்க டாக்டர் எல்லாருக்கும் கஞ்சிதான் குடிக்கச் சொல்லுவார். காய்ஞ்ச ரொட்டியைக் கையில குடுத்து, கமிட்டி போட்டிருக்கோம்னா சொல்லுவார்?"

"நான் என்ன செய்ய முடியும்? எல்லாம் எழுத்துல வந்துடுச்சு."

"எழுத்துல வந்தது எழுத்துல இருக்கட்டும். வாளி உங்க கையிலதானே இருக்கு?"

இரண்டு நாள் கழித்து மனைவியே வழி செய்தார். அவருடைய மருத்துவமனைக்குப் பல் செட் கட்ட வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் தீவனக் கடைக்காரர். பல் இல்லாத வாயோடு மூன்று மாதம் கஞ்சி குடித்த மனிதர். குதிரையின் கதையைக் கேட்டதும் அவருக்கு மேலே எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரம் இரண்டு மூட்டை புல் கட்டி, உடைந்ததும் தூளுமாக, லாயத்தின் பின்கதவில் வந்து இறங்கியது.

அன்று முதல் அத்தை ஒரு நாளைக்கு நான்கு வேளை கூழ் குடித்தது. அரசு அனுப்பிய உலர்புல்லை என்ன செய்வது? திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேள்வி வரும். லாயக்காரர் அதைப் பிரித்து, உதறி, அத்தையின் அறையில் மெத்தைபோலப் பரப்பிவிட்டார். அத்தை குழுவின் ஆணையின் மேல் கால் நீட்டிப் படுத்துத் தூங்கியது.

முதல் மாதம் பதினெட்டுக் கிலோ ஏறியது. இரண்டாம் மாதம் இருபத்திரண்டு. மூன்றாம் மாதம் எடை ஆய்வாளர் தராசு மேடையைத் தட்டிப் பார்த்தார், பழுதோ என்று. மொத்தம் அறுபது கிலோ. சாம்பல் முடியில் பளபளப்பு வந்திருந்தது. லாயக்காரர் பெருக்கிய விதத்தை அது மறுபடியும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தது.

அவர் நினைத்தது இவ்வளவுதான்: அத்தை பிழைத்துக்கொண்டது, இனி யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆனால் கவனித்துவிட்டார்கள். தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பல் தேய்ந்த மூத்த குதிரை ஒன்று நீள உலர்புல்லை மட்டுமே உண்டு மூன்று மாதத்தில் அறுபது கிலோ கூடியிருப்பதால், உலர்புல்லின் மேன்மை ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. இனி எல்லாப் பிரிவுகளிலும் மூத்த குதிரைகளுக்கு நீள உலர்புல் மட்டுமே. துறைமுகக் காவல் லாயம் போன்ற சில இடங்களில் சொந்த விருப்பத்தில் புல் கட்டி கொடுத்துவரும் வழக்கம் உடனே நிறுத்தப்படும். இந்தச் சாதனையைச் செய்த லாயக்காரருக்கு வரும் வெள்ளிக்கிழமை விருது.

அவர் சுற்றறிக்கையைக் கையில் பிடித்தபடி தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். துறைமுக லாயத்தில் இரண்டு கிழக் குதிரைகள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். மற்ற லாயங்களில் எத்தனையோ தெரியாது.

எழுத்தர் அம்மாளிடம் ஓடினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மாள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத இங்க சொன்னதோட விட்டுடுங்க. வெளிய சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. அப்புறம் வர்ற ஆளு அத்தைக்கு என்ன போடுவான்? ஆணையில என்ன இருக்கோ அதைத்தான் போடுவான்."

"சொல்லலைன்னா மத்ததெல்லாம் போயிடுமேம்மா."

அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்தார். "ரெண்டுமே சரிதான்" என்றார். "நான் உங்களுக்கு விருதுக்கான படிவத்தை மட்டும்தான் தர முடியும்."

வியாழக்கிழமை முழுவதும் அவர் வாய்க்குள் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்தார். மனைவி அவருடைய ஒரே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். "சொல்லப் போறீங்களா?"

"சொல்லத்தான் போறேன்."

"வேலை போனா?"

"போனா அத்தையை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்."

"நம்ம வீட்டு ரெண்டாம் மாடிக்கு எப்படி ஏத்துவீங்க" என்று மட்டும் கேட்டார் மனைவி. சட்டையின் கழுத்துப்பட்டையை இன்னொரு முறை தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். அத்தையை அழைக்கவில்லை, குழுத் தலைவர் கலந்துகொள்ளும் நிகழ்ச்சி என்பதால் குதிரை கூடாது. தலைவர் மேசை விரிப்பைத் தடவியபடி பேசினார்.

"பத்து நிமிடத்தில் ஒரு மருத்துவர் சொல்லியிருப்பார், பல் இல்லை, கூழ் கொடு என்று. அது அறிவு. யாருக்கும் வரும். ஆனால் ஒரு விலங்கு எலும்பும் தோலுமாக நிற்கும்போதும் கொள்கையிலிருந்து ஒரு அங்குலம் விலகாமல் இருப்பது நிர்வாகம். நாங்கள் விலகவில்லை. எங்களுக்குப் பயமே இல்லை. ஏனென்றால் இளைத்தது நாங்கள் இல்லை."

நீண்ட கைதட்டல். லாயக்காரரை அழைத்து, சால்வை போர்த்தி, ஒலிபெருக்கி முன் நிறுத்தினார்கள். ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோயிருந்தது. அதனால் நடந்ததையே சொன்னார்.

"அய்யா, அத்தை உலர்புல் சாப்பிடல. ஒரு வாய்கூடச் சாப்பிடல. நான்தான் ஆணையை மீறி, புல் கட்டியை வெந்நீர்ல ஊறவெச்சுக் கொடுத்தேன். நீங்க அனுப்புன உலர்புல்லைக் கீழ பரப்பிப் போட்டேன். அது மேல அவங்க படுத்தாங்க, அவ்வளவுதான். மத்த குதிரைங்களுக்குத் தயவுசெஞ்சு உலர்புல் போடாதீங்க. செத்துடும்."

யாரோ ஒருவர் இருமினார். தலைவர் முதல்முறையாக மேசை விரிப்பிலிருந்து கையை எடுத்தார். எழுந்து வந்தார். லாயக்காரர் வேலை போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் அவர் தோளில் கை வைத்தார்.

"கேட்டீர்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. குரல் தழுதழுத்தது. "மேலே படுத்ததாம். படுத்ததற்கே அறுபது கிலோ. உலர்புல்லின் ஆற்றலை நாமே குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். உண்ணக்கூடத் தேவையில்லை என்கிறார் இந்த எளிய மனிதர்."

இந்த முறை எழுந்து நின்று கைதட்டினார்கள். பொறியாளர் பக்கத்திலிருந்தவரிடம், அப்படியானால் எவ்வளவு தடிமனுக்குப் பரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லைங்க அய்யா, நான் சொன்னது" என்று லாயக்காரர் ஆரம்பித்தபோது ஒலிபெருக்கியை எடுத்துவிட்டிருந்தார்கள். எழுத்தர் அம்மாள் மட்டும் கைதட்டாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டக் குறிப்பில், விருதாளர் தமது வெற்றிக்குக் காரணம் படுக்கையே என்று பணிவுடன் குறிப்பிட்டார் என்று பதிவாகியது.

அடுத்த புதன்கிழமை காலை லாயத்தின் வாசலில் ஒரு நீண்ட லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி ஒரு தாளை நீட்டினார். லாயம் இனி மூத்த குதிரைகளுக்கான உலர்புல் சிறப்பு மையம். எல்லாப் பிரிவுகளிலும் எடை குறைந்துவரும் குதிரைகள் இங்கே அனுப்பப்படும். முதல் தவணை ஆறு.

"எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் ஓட்டுநர்.

லாயக்காரர் லாரிக்குள் ஏறினார். முதல் குதிரையின் உதட்டை விலக்கி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அடுத்ததன் வாயையும் பார்த்தார். மூன்றாவதற்குப் பிறகு பார்க்கவில்லை. இறங்கி வந்து மனைவிக்குப் போன் செய்தார். பின்னணியில் பல் ராவும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"எத்தனை?" என்றார் மனைவி.

"ஆறு. இன்னும் வருமாம்."

மனைவி சத்தத்திலிருந்து விலகி வந்தார். "கடைக்காரரால ரெண்டு மூட்டைக்கு மேல முடியாதே" என்றார்.

"தெரியும்."

"சரி, மத்தியானம் வர்றேன். வந்து யோசிப்போம்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஐந்து குதிரைகள் சரிவுப் பலகையில் தட்டுத்தடுமாறி இறங்கின. ஆறாவது ஒரு கருப்புக் கிழட்டு ஆண்குதிரை. துறைமுக லாயத்தின் முத்திரை இன்னும் தொடையில் இருந்தது. அது வரமாட்டேன் என்று லாரியின் மூலையில் நின்றது. ஓட்டுநர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். நேரமாகிறது என்றார். லாயக்காரர் கயிற்றை வாங்கிக் கீழே விட்டுவிட்டு, பலகையின் பாதியில் நின்று, கையை நீட்டினார்.

குதிரை வெகுநேரம் பார்த்தது. பிறகு மெல்ல வந்து, வாயை அவர் உள்ளங்கையில் வைத்துத் தேடியது. கையில் ஒன்றும் இல்லை. அது ஒருமுறை மூச்சை விட்டது. அவரோடு இறங்கி உள்ளே நடந்தது.